ஆண்கள் கத்தோலிக்கப் பள்ளியில் மாணவர் தலைவர்களும் ஆண்டிறுதிச் செய்திகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வியாண்டின் கடைசி வாரங்களில்தான் இந்தக் கேள்விகள் மொத்தமாக வந்து சேரும். அடுத்த ஆண்டு மாணவர் தலைவர் யார், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், என் மகனை ஏன் எடுக்கவில்லை, நிறைவுத் திருப்பலியில் (ஆண்டிறுதிப் பூசையில்) யார் பேசுவார்கள், செய்திமடலில் அவன் படம் வருமா. நாடும் பள்ளியை நடத்தும் துறவற சபையும் மாறினால் பதவிகளின் பெயர் மாறும், தேதி மாறும். சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். மாணவர் தலைவர்களோடு வேலை செய்து, ஆண்டிறுதிச் செய்திமடலையும் கவனிக்கும் ஓர் ஆசிரியரின் பதில்களாக இவற்றைப் படியுங்கள். உங்கள் பள்ளியின் விதி வேறாக இருந்தால் அந்த விதிதான் செல்லும்.

மாணவர் தலைவர்கள் என்றால் யார் யார்?

பள்ளி மாணவர் தலைவர் ஒருவர், துணைத் தலைவர் ஒருவரோ இருவரோ. அவர்களுக்கு அடுத்து ஹவுஸ் கேப்டன்கள், விளையாட்டு அணிகளின் கேப்டன்கள், வகுப்பு லீடர்கள். பல பள்ளிகளில் இறுதியாண்டு மாணவர் சிலரைப் பிரிஃபெக்ட்களாக (ஒழுங்கைக் கவனிக்கும் மூத்த மாணவர்களாக) நியமிப்பார்கள். கத்தோலிக்கப் பள்ளி என்பதால் வழிபாட்டுக்குப் பொறுப்பான மாணவர், சமூகப் பணிக்குப் பொறுப்பான மாணவர், திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவர்களை ஒழுங்கு செய்பவர் என்று இன்னும் சிலர் இருப்பார்கள். வின்சென்ட் தே பவுல் சபை, இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் போன்றவை பள்ளியில் இயங்கினால் அவற்றுக்கும் தலைவரும் செயலரும் உண்டு.

கத்தோலிக்கப் பள்ளியில் தலைமைப் பொறுப்பு என்பதில் தனியாக என்ன இருக்கிறது?

எல்லாப் பள்ளியிலும் பேட்ஜ் உண்டு, பதவியேற்பு உண்டு. இங்கே வேறுபாடு இருக்கிறது என்றால் அது பேட்ஜ் அணிந்தவன் என்ன வேலை செய்கிறான் என்பதில்தான் தெரிய வேண்டும். பெரியவனாக இருக்க விரும்புகிறவன் தொண்டனாக இருக்கட்டும் என்ற நற்செய்தி வாக்கைப் பதவியேற்பு விழாவில் எல்லோரும் வாசிக்கிறோம். அடுத்த நாள் காலை அந்தப் பையன் வாசலில் நின்றுகொண்டு சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பொத்தானை மட்டும் சரிபார்த்துக் கொண்டிருந்தால் வாசித்து என்ன பயன்?

பழைய காலத்துப் பள்ளி முறைகளைப் பார்த்தால் நம்மைவிட அவர்களுக்குத் தெளிவு அதிகம் என்று தோன்றும். தெ லா சால் சகோதரர்கள் என்ற துறவற சபையினர் 1680 வாக்கில் பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தத் தொடங்கினார்கள். அவர்கள் பள்ளிகளுக்கான வழிகாட்டி 1720-இல் அச்சாகி வந்தது. அதில் மாணவர் பொறுப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது: செபம் சொல்பவர், மணி அடிப்பவர், தாள் விநியோகிப்பவர், கதவைக் காப்பவர், சாவி வைத்திருப்பவர், வகுப்பைப் பெருக்குபவர். பெருக்குபவரும் அங்கே பொறுப்பாளர்தான். செபம் சொல்பவரின் பெயர் வரும் அதே பட்டியலில் அவரும் வருகிறார்.

இன்னொரு உதாரணம் இத்தாலியின் தூரின் நகரில் தொன் போஸ்கோ என்ற குரு சிறுவர்களுக்காக நடத்திய இல்லம். 1856-இல் அங்கே தங்கிப் படித்த தோமினிக் சாவியோவும் அவன் நண்பர்களும் சேர்ந்து அமலோற்பவ மாதா பெயரில் ஒரு சிறு சபை தொடங்கினார்கள். சாவியோவுக்கு அப்போது வயது 14. சண்டை போடுகிற பையன், யாரோடும் சேராத பையன் என்று அடங்காத ஒவ்வொருவரையும் சபையில் உள்ள ஒருவன் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு கூடவே இருப்பான். அதுதான் அவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. சாவியோ அடுத்த ஆண்டு மார்ச் மாதமே இறந்துபோனான். அந்தச் சபையில் இருந்த மிக்கேல் ரூவா பிற்காலத்தில் தொன் போஸ்கோவுக்கு அடுத்து, அவர் தொடங்கிய சலேசிய சபையின் தலைவரானார். பையன்கள் தாங்களே தொடங்கிய ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பாரிஸில் 1833-இல் வின்சென்ட் தே பவுல் சபையை நண்பர்களோடு தொடங்கியபோது ஃபிரெடரிக் ஒசானாமும் மாணவர்தான், இருபது வயது. ஏழைகளின் வீட்டுக்கு நேரில் போவது அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். பணம் திரட்டிக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதை மட்டுமே சமூகப் பணி என்று நினைக்கிற மாணவர் குழுக்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? வாக்கெடுப்பா, ஆசிரியர்கள் முடிவா?

இரண்டும் கலந்ததுதான் பெரும்பாலும். விண்ணப்பம், மாணவர் வாக்கு, ஆசிரியர் கருத்து, நேர்காணல், கடைசியில் முதல்வரின் முடிவு என்று போகும். எந்தப் படிக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பள்ளி முன்கூட்டியே எழுதி அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும் புகார் வரும்.

வாக்கை மட்டும் நம்பினால் கலகலப்பாகப் பேசுகிறவனும் கால்பந்து அணியின் நட்சத்திரமும் ஜெயிப்பார்கள். ஆசிரியர்கள் மட்டும் முடிவு செய்தால் ஆசிரியர் எதிரே பணிவாக நிற்கிறவன் ஜெயிப்பான். இருவருமே நல்ல தலைவர்களாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, சின்ன வகுப்புப் பையன்களிடம் கேட்பது. உணவு நேரத்தில் உங்களை வரிசையிலிருந்து தள்ளாத அண்ணன் யார்? விழுந்தால் யார் தூக்கிவிட்டார்கள்? வழி தெரியாமல் நின்றபோது யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? அவர்கள் சொல்லும் பெயர்கள் சில நேரம் ஆசிரியர்களின் பட்டியலில் இருக்கவே இருக்காது. துறவியரின் தந்தை பெனடிக்ட் தம் ஒழுங்கில் (துறவு இல்லங்களுக்கான விதிநூலில்), முக்கியமான எதையும் முடிவு செய்யும் முன் எல்லோரையும் கூட்டிக் கேளுங்கள், ஏனெனில் நல்ல வழியை ஆண்டவர் பல நேரம் இளையவருக்கே காட்டுகிறார் என்று எழுதிவைத்தார். ஆறாம் நூற்றாண்டில் எழுதியது. இன்னும் நாம் அதைப் பயன்படுத்தத் தயங்குகிறோம்.

நேர்காணலில் 'தலைமை என்றால் என்ன' என்று கேட்காதீர்கள். எல்லாப் பையனும் மனப்பாடம் செய்துகொண்டு வருவான். 'கடந்த ஆண்டு யாரும் சொல்லாமல் நீயாகச் செய்த ஒரு வேலையைச் சொல்' என்று கேளுங்கள். அப்புறம் 'நண்பன் தப்பு செய்ததைப் பார்த்தாய், என்ன செய்தாய்' என்று கேளுங்கள். 'செய்வாய்' என்று கேட்கக் கூடாது, 'செய்தாய்' என்றே கேட்க வேண்டும்.

மதிப்பெண் குறைவாக இருந்தால் தலைவராக முடியாதா?

முடியும். குறைந்தபட்ச மதிப்பெண் வைக்கிற பள்ளிகள் உண்டு. பொறுப்பின் சுமையில் அவன் தேர்வில் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைப்பார்கள். ஆனால் முதல் ராங்க்காரனுக்குப் பரிசாகப் பேட்ஜைத் தருவது சரியில்லை. படிப்புக்குப் பரிசளிப்பு விழா தனியே இருக்கிறதே.

இதிலும் வரலாறு கொஞ்சம் நமக்கு எதிராகப் பேசும். இயேசு சபையின் 1599-ஆம் ஆண்டுக் கல்வி நெறிமுறைப்படி, நன்றாகக் கட்டுரை எழுதியவர்களுக்கே வகுப்புப் பதவிகள். ஆனால் அந்தப் பதவிகள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தன. ஓராண்டு முழுக்க ஒருவனே தலைவன் என்ற நம் முறைக்கும் அதற்கும் நிறைய தூரம். வகுப்பு லீடர் பதவியையாவது பருவத்துக்கு ஒருவர் என்று மாற்றிப் பாருங்கள், கூச்ச சுபாவமுள்ள பல பையன்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

கத்தோலிக்கர் அல்லாத மாணவர் தலைவராகலாமா?

பல பள்ளிகளில் ஆகிறார்கள். கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களும் படிக்கும் பள்ளிகள் திருச்சபைக்கு மிகவும் அருமையானவை என்றே சொல்கிறது. அப்படிச் சேர்த்துக்கொண்ட பையனிடம் ஆறேழு ஆண்டுகள் கழித்து 'உனக்குத் தலைமை மட்டும் கிடையாது' என்று சொல்வது அழகில்லை. எனினும் இதைத் தீர்மானிப்பது அந்தந்தப் பள்ளியும் அதை நடத்தும் சபையும் மறைமாவட்டமும்தான்.

நடைமுறையில் ஒன்றிரண்டு விஷயங்களை அந்த மாணவரிடமும் பெற்றோரிடமும் முன்பே பேசிவிட வேண்டும். பள்ளித் திருப்பலிக்கு அவர் வர வேண்டியிருக்கும். நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்க வேண்டியதில்லை, வாங்கவும் கூடாது. பல இடங்களில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்து ஆசி பெறுவார்கள். அதுவும் விருப்பம்தான், இருக்கையிலேயே இருந்தாலும் தவறில்லை. வாசகம் வாசிப்பதற்கு வழிபாட்டுப் பொறுப்பாளர் இருக்கிறார். தலைவர் வரவேற்புரை சொல்லலாம், நன்றியுரை சொல்லலாம். முதல் திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போது பையன் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

என் மகன் தேர்வாகவில்லை. காரணம் கேட்கலாமா?

கேட்கலாம். 'அவனிடம் என்ன குறை' என்று கேட்பதைவிட 'அடுத்த முறை அவன் எதை வளர்த்துக்கொள்ள வேண்டும்' என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். தேர்வான பையனோடு ஒப்பிட்டுக் கேட்டால் பள்ளி பதில் சொல்லாது, சொல்லவும் கூடாது.

அவனாகவே வந்து கேட்டால் இன்னும் நல்லது. வாக்கு எண்ணிக்கையைப் பள்ளிகள் வெளியிடாமல் இருப்பதும் நல்லதே. மிகக் குறைந்த வாக்கு வாங்கியவனின் பெயர் வகுப்பில் எப்படிச் சுற்றும் என்று உங்களுக்கே தெரியும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: முடிவு வந்த இரவே வாட்ஸ்அப் குழுவில் எதையும் எழுதாதீர்கள். தேர்வான பையனின் அம்மாவும் அதே குழுவில்தான் இருக்கிறார்.

மாணவர் தலைவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் உண்டா?

இல்லை. முட்டி போட வைப்பது, ஓட விடுவது, பையைத் தூக்க வைப்பது எதற்கும் அதிகாரம் இல்லை. நினைவூட்டலாம், ஆசிரியரிடம் சொல்லலாம், அவ்வளவுதான். ஆண்கள் பள்ளியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'நாங்களும் இதையெல்லாம் தாங்கித்தான் வந்தோம்' என்று மூத்த மாணவர்கள் ராகிங்கை ஒரு சடங்கு மாதிரி அடுத்த தலைமுறைக்குக் கடத்துவார்கள். பேட்ஜ் அணிந்தவன் அதைச் செய்தால் அதற்குப் பள்ளியின் முத்திரையே விழுந்துவிடுகிறது.

தெ லா சால் பள்ளிகளில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாணவர், நடப்பதைக் கவனித்து ஆசிரியரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். தானே பேசி அதட்டவோ மிரட்டவோ கூடாது. ஏறக்குறைய 300 ஆண்டுப் பழைய விதி. அப்படியே எடுத்து நம் மாணவர் கையேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

சின்னப் பையன் ஒருவன் தனக்கு நேர்ந்த கொடுமையைத் தலைவரிடம் சொன்னால்?

பயிற்சி நாளில் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். மூன்று காரியம். பொறுமையாகக் கேள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்து கொடுக்காதே. குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான பெரியவரிடம் அன்றே சொல். துருவித் துருவி விசாரிப்பது, சம்பந்தப்பட்டவரைப் போய்க் கேட்பது, நண்பர்களோடு பேசுவது எதுவும் கூடாது. குற்றம் சாட்டப்படுபவர் ஆசிரியரோ அருள்தந்தையோ அருள்சகோதரரோ ஆனாலும் இதே வழிதான். அந்தப் பொறுப்பாளர் மேலேயே புகார் என்றால் வேறு யாரிடம் போக வேண்டும் என்பதும் பையன்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை மென்று விழுங்காமல் சொல்லக் காரணம் இருக்கிறது. துறவற சபைகள் நடத்திய நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகளை அயர்லாந்தில் 2009-இல் வெளியான விசாரணை அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. ஆஸ்திரேலியாவின் அரச விசாரணை ஆணையமும் 2013 முதல் 2017 வரை விசாரித்து, கத்தோலிக்க நிறுவனங்களில் நடந்தவற்றையும் வெளிக்கொண்டு வந்தது. சபையின் பெயரைக் காப்பாற்ற மௌனமாக இருந்த பெரியவர்களால் கெட்டுப்போன நிறுவனங்கள் அவை. மாணவர் தலைவனுக்கும் 'பள்ளியின் மானம்' என்று சொல்லி அதே மௌனத்தைக் கற்றுத்தரக் கூடாது.

தலைவரே தவறு செய்துவிட்டால் பேட்ஜைப் பிடுங்கிவிடுவீர்களா?

தவறைப் பொறுத்தது. தாமதமாக வருவதற்கும் இளையவனை அடித்ததற்கும் ஒரே நடவடிக்கை இருக்க முடியாது. முதலில் அவன் பக்கத்தைக் கேட்க வேண்டும், பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும். சில வாரம் பொறுப்பிலிருந்து விலகி இருக்கச் சொல்லிப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு. எதுவானாலும் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேட்ஜைக் கழற்றுவது வேண்டாம். பாவமன்னிப்பு தரும் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி வகுப்பெடுக்கிற பள்ளியில் அந்தக் காட்சி பொருந்தவே பொருந்தாது.

பொறுப்பு எடுத்தால் படிப்பு கெடுமா?

சிலருக்குக் கெடும். தேர்வுக்கு முந்தைய மாதங்களில் வேலையைத் துணைத் தலைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதைப் பள்ளி செய்யாவிட்டால் பெற்றோர் கேளுங்கள்.

ஆண்டு நிறைவுத் திருப்பலியில் மாணவர் தலைவர் உரையாற்றலாமா?

மறையுரை (நற்செய்தி வாசகத்துக்குப் பின் தரும் விளக்கவுரை) நேரத்தில் கூடாது. திருச்சபைச் சட்டம் 767-இன்படி மறையுரை குருவுக்கும், அவருக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டருக்கும் உரியது. மாணவர் பேசுவதாக இருந்தால் நற்கருணைக்குப் பிந்தைய மன்றாட்டு முடிந்ததும் சுருக்கமாகப் பேசலாம். இன்னும் நல்லது, திருப்பலி முடிந்து அரங்கில் பேசுவது. அங்கே சிரிக்கலாம், கைதட்டலாம், ஆசிரியர்களைக் கொஞ்சம் கேலியும் செய்யலாம்.

மாணவர்கள் செய்யக்கூடியது நிறையவே உண்டு: வாசகங்கள், விசுவாசிகளின் மன்றாட்டு, பாடல், பீடப்பணி, காணிக்கைப் பவனி. விசுவாசிகளின் மன்றாட்டை அவர்களே எழுதட்டும். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை வாசிக்கும்போது குரலிலேயே தெரிந்துவிடும். காணிக்கைப் பவனியில் வெற்றிக் கோப்பையையும் கிரிக்கெட் மட்டையையும் கொண்டுவரும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அங்கே வர வேண்டியது அப்பமும் திராட்சை இரசமும், ஏழைகளுக்கான கொடையும். கோப்பையைத் தொடக்கப் பவனியில் கொண்டுவந்து ஓரமாக வைத்துவிடலாம். திரும்ப எடுத்துக்கொண்டு போகப் போகிற பொருளைக் காணிக்கை என்று சொல்வானேன்?

நாள்காட்டியையும் பாருங்கள். கல்வியாண்டு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் முடியும் இடங்களில் அல்லேலூயா பாட முடியாது, பீடத்தில் மலர் அலங்காரமும் வழக்கமாக இருக்காது. பாடகர் குழு ஒரு மாதம் பயிற்சி செய்த பிறகு இதைச் சொன்னால் பாவம். ஆண்டு நவம்பரில் முடிந்தால் அது இறந்தோரை நினைக்கும் மாதம். அந்த ஆண்டில் இறந்த மாணவர், ஆசிரியர், பெற்றோர் பெயர்களைச் சொல்லிச் செபிப்பது அங்கே இயல்பாகவே பொருந்தும்.

பழைய தலைவர்கள் புதியவர்களிடம் பொறுப்பை எப்படி ஒப்படைக்க வேண்டும்?

மெழுகுவத்தி கொடுப்பது, கொடி கொடுப்பது, பேட்ஜை மந்திரித்து அணிவிப்பது எல்லாம் விழாவுக்கு அழகு. வேலை கைமாற அது போதாது. பெனடிக்டின் ஒழுங்கில் சமையலறைப் பணி வாரத்துக்கு ஒருவர் என்று மாறும். சனிக்கிழமை, பணி முடிக்கிறவர் துண்டுகளைத் துவைத்து வைக்க வேண்டும். பணி முடிக்கிறவரும் ஏற்கப்போகிறவரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். பொருட்காப்பாளர் எதை வாங்கினார், எதைக் கொடுத்தார் என்று தெரிந்து வைத்திருப்பார்.

நம் பையன்களுக்கும் இதே கணக்குதான். எந்தச் சாவி யாரிடம், சமூகப் பணி நிதியில் மிச்சம் எவ்வளவு, எந்த முதியோர் இல்லத்துக்கு மாதம் எந்த நாளில் போவதாகச் சொல்லியிருக்கிறோம், எந்த வேலை பாதியில் நிற்கிறது, பள்ளியின் இன்ஸ்டாகிராம் கணக்கின் கடவுச்சொல் என்ன (ஒப்படைத்த அன்றே அதை மாற்றிவிட வேண்டும்). நிதிக் கணக்கை ஓர் ஆசிரியரும் பார்த்துக் கையெழுத்திடட்டும். இவற்றோடு எழுதப்படாத தகவலும் ஒன்று உண்டு: எந்தச் சின்னப் பையன் உணவு நேரத்தில் தனியாக உட்காருகிறான் என்பது. அதை வாயால் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

ஆண்டிறுதிச் செய்திமடலில் என்னென்ன வர வேண்டும்?

தேர்வு முடிவுகள், விளையாட்டு, கலை, பரிசு பெற்றோர், அடுத்த ஆண்டின் தலைவர்கள், விடைபெறும் ஆசிரியர்கள், இறந்தோர் நினைவு, விடுமுறைத் தேதிகள், பள்ளி திறக்கும் நாள். இவை எப்படியும் வரும். எந்த வரிசையில், எந்த அளவில் வருகின்றன என்பதில்தான் பள்ளியின் மனம் தெரியும். முதல் நான்கு பக்கம் கோப்பைகள், கடைசியில் அஞ்சல்தலை அளவுக்குச் சமூகப் பணி என்றால், பையன்கள் ஆண்டு முழுக்கக் கேட்ட பிரசங்கத்தைவிட அந்தப் பக்க அமைப்பைத்தான் நம்புவார்கள்.

செய்தியைச் செய்தியாக எழுத வேண்டும். 'இரத்த தான விழிப்புணர்வு நிகழ்ச்சி மிகச் சிறப்பாக நடைபெற்றது, மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்' என்ற வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. எங்கே நடந்தது, யார் ஏற்பாடு செய்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், என்ன இடைஞ்சல் வந்தது, என்ன மிஞ்சியது என்று எழுதச் சொல்லுங்கள். மழையால் பாதியில் நின்ற விளையாட்டு விழாவை மழையால் நின்றது என்றே எழுதலாம். இறுதிப் போட்டியில் தோற்ற அணியைப் பற்றி எழுதும்போது 'நூலிழையில் வெற்றியைத் தவறவிட்டது' என்ற பொய் வேண்டாம். ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டத்தைப் பார்த்தவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள்.

நிதி திரட்டியிருந்தால் மொத்தத் தொகையையும், செலவு போக எவ்வளவு, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் போடுங்கள். உதவி வாங்கியவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடாதீர்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்பதை எல்லோரும் வகுப்பில் படித்தவர்கள்தானே.

பேட்ஜ் இல்லாமல் வேலை செய்தவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒலிபெருக்கியைக் கவனித்தவன், நூலகத்தில் புத்தகம் அடுக்கியவன், கை உடைந்த நண்பனுக்கு ஒரு பருவம் முழுக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தவன். இவர்கள் பெயரைக் கொண்டுவரும் வேலையை வகுப்பு லீடர்களிடம் கொடுத்தால் சரியாக வந்துவிடும். ஆசிரியர் அறைக்குத் தெரியாத பெயர்கள் இவை. துப்புரவுப் பணியாளர், காவலர், அலுவலக ஊழியர் ஆகியோரை 'மற்றும் பலர்' என்று முடிக்காமல் பெயரோடு போடுவதும் இந்தப் பக்கத்தில்தான்.

பெயர் எழுத்துப் பிழையில் கவனம். ஆண்டு முழுக்க உழைத்தவனின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அவன் வீட்டில் அந்த மடல் பத்திரமாக இருக்காது. வருகைப் பதிவேட்டோடு ஒருமுறை, அந்தந்த வகுப்பிடம் காட்டி ஒருமுறை சரிபாருங்கள்.

மாணவர் தலைவரின் ஆண்டறிக்கையை யார் எழுத வேண்டும்?

அவரே. ஆசிரியர் பிழை திருத்தலாம், நீளம் குறைக்கலாம். 'எங்கள் மாண்புமிகு முதல்வர் அவர்களின் பொன்னான வழிகாட்டுதலில்' என்று தொடங்கினால் அந்தப் பத்தியை வெட்டிவிட்டு இரண்டாவது பத்தியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் என்ன செய்வதாகச் சொன்னார், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதினால் போதும். நடக்காததை எழுதத் துணிகிறவனுக்கு முதல்வர் பக்கபலமாக இருக்க வேண்டும்.

படத்துக்கும் பெயருக்கும் பெற்றோர் அனுமதி வேண்டுமா?

வேண்டும். சேர்க்கையின்போது வாங்கிய பொது அனுமதி இருந்தாலும், பொதுவெளியில் போடும் படத்துக்குத் தனியாகக் கேட்பது நல்லது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. திருச்சபைச் சட்டமும் 220-ஆம் பிரிவில் ஒருவரின் நற்பெயரையும் அந்தரங்கத்தையும் காக்கிறது. குடும்பச் சூழல் காரணமாக எந்தப் படத்திலும் வரக் கூடாத மாணவர் சிலர் இருப்பார்கள். அந்தப் பட்டியல் மடல் தயாரிப்பவரின் மேசையில் இருக்க வேண்டும். முழுப் பெயர், வகுப்பு, தெளிவான முகம் மூன்றையும் ஒன்றாக இணையத்தில் போடாதிருப்பது பாதுகாப்பு.

கடைசி நாள் குறும்புகளை அனுமதிப்பீர்களா?

சட்டையில் கையெழுத்து வாங்கட்டும், பாடட்டும். பெருக்கிச் சுத்தம் செய்ய யாராவது ஒரு பணியாளர் மிச்சம் நிற்க வேண்டி வந்தால் அது குறும்பு இல்லை. விடைபெறும் தலைவரிடம் முதல் நாளே இதைச் சொல்லி, துடைப்பம் எங்கே இருக்கிறது என்றும் காட்டிவிடுங்கள்.

புதிய தலைவர்கள் எப்போது வேலையைத் தொடங்குவார்கள்?

கடைசிப் பருவத்தில் சில வாரங்களாவது பழையவரும் புதியவரும் சேர்ந்து வேலை செய்தால் நல்லது. தியானமும் பயிற்சியும் விடுமுறைக்கு முன்போ, பள்ளி திறக்கும் முன்போ நடக்கும். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் போதும். மீதி நேரத்தை இளையவர்களோடு பழகுவது, சச்சரவைத் தணிப்பது, யாரிடம் எப்போது சொல்ல வேண்டும் என்பவற்றுக்குக் கொடுங்கள். புதிதாகச் சேரும் சின்னப் பையன்களின் முதல் நாளில் இவர்கள் எல்லோரும் வாசலில் இருக்க வேண்டும், விடுமுறைப் பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

பள்ளியை விட்டுப் போகிறவர்கள் பழைய மாணவர் சங்கத்தில் எப்படிச் சேர்வது?

பெரும்பாலும் இறுதியாண்டுக் கட்டணத்தோடோ விண்ணப்பப் படிவத்தாலோ சேர்த்துக்கொள்வார்கள். சங்கம் என்றால் ஆண்டுக்கொரு விருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1973-இல் ஸ்பெயினின் வாலென்சியா நகரில் இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே பழைய மாணவர்களிடம் பேசும்போது, பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே நம் கல்வியின் நோக்கம் என்றார், சமூக நீதிக்காக உழைக்க அவர்களை நாம் போதிய அளவு பயிற்றுவிக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். கேட்டவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இளையவர்களுக்கு வழிகாட்டுவது, கட்டணம் கட்ட முடியாதவருக்கு உதவுவது என்று உங்கள் சங்கத்தில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். படிவத்தில் பள்ளி கொடுத்த மின்னஞ்சலை எழுதாதீர்கள். அந்தக் கணக்கைச் சில மாதங்களில் மூடிவிடுவார்கள். சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள்.